மின்சாரம் திரும்பும் வழி: மோட்டார்ஹோம் பின்விளக்குப் பழுதுகளை ஆராய்தல்

பின்விளக்குப் பழுதுகளில் மிக ஆபத்தானது, நிற்கும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால் கண்ணில் படாது. இரவில் டெயில் லைட் ஒழுங்காகவே எரியும். பிரேக்கை மிதித்த கணத்தில், இன்னும் பளிச்சென்று எரிய வேண்டிய அந்த விளக்கு அணைந்துபோகும். காலை எடுத்தால் மறுபடி எரியும். மூன்றரை டன் எடையுள்ள வண்டி வேகம் குறைக்கும் அந்த நேரத்தில்தான் பின்னால் வருபவருக்கு அதன் ஒரு பக்கம் இருண்டுவிடுகிறது. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரிட்டனில், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மோட்டார்ஹோம்களில், அதாவது மேலே வீடு கட்டிய வேன்களில், இது பழக்கமான கோளாறு. பல்பை மாற்றுவார்கள், ஃபியூஸைப் பார்ப்பார்கள், ஹோல்டரில் மீட்டரை வைத்து "12 வோல்ட் வருகிறது" என்பார்கள். பழுது அப்படியே இருக்கும். மின்சாரம் வருகிறதா என்று மட்டுமே சோதிக்கிறார்கள். வந்தது எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று சோதிப்பதில்லை. மோட்டார்ஹோமின் பின்விளக்குப் பழுதைத் தேடுகிறவர் அந்தத் திரும்பும் பாதையிலிருந்து தொடங்க வேண்டும், அதையும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதம் காருக்கு ஓரளவும் மோட்டார்ஹோமுக்கு முழுமையாகவும் பொருந்துவதற்குக் காரணம் வண்டி உருவாகும் விதம். காரின் பின்விளக்கு இரும்பு உடலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இரும்பே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. மோட்டார்ஹோம் இரண்டு கைகளில் உருவாவது. 1981இல் வெளிவந்து, 1994இலும் 2006இலும் புதுத் தலைமுறைகள் கண்ட ஃபியட் டுகாட்டோ போன்ற ஒரு வேனின் முன்பகுதியும் எஞ்சினும் ஓரிடத்திலிருந்து வரும். பின்பாதிச் சட்டத்துக்குப் பதிலாகப் பல வண்டிகளில் அல்-கோ நிறுவனத்தின் துத்தநாகம் பூசிய சட்டம் இணைக்கப்படும். அதன்மேல் வீட்டுப் பகுதியைக் கட்டுவது வேறொரு நிறுவனம். அந்த வீட்டின் சுவர் கண்ணாடியிழை அல்லது அலுமினியத் தகடு, நடுவில் நுரை, உள்ளே ஒட்டுப்பலகை. பின்பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். விளக்கு பொருத்தப்படும் இடத்திலிருந்து பேட்டரிவரை மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பாதை எதுவும் இல்லை. ஒவ்வொரு விளக்குத் தொகுதிக்கும் திரும்பும் பாதையாகத் தனி எர்த் வயர் ஓடி, தரைக்கு அடியில் எங்கோ ஒரு போல்ட்டில் முடிகிறது. முன்பகுதியோடு வந்த வயரிங் ஓரிடத்தில் நிற்க, அங்கிருந்து வீடு கட்டியவர்கள் நீட்டிய வயரிங் தொடங்குகிறது. அந்த இணைப்பும் எர்த் போல்ட்டும் பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் நீரில், பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பில் ஊறுகின்றன. வருடத்தில் பல மாதங்கள் வண்டி ஓடாமல் நிற்கிறது. ஓடும் வண்டியில் காற்றில் உலர்ந்துவிடும் ஈரம் நிற்கும் வண்டியில் தங்கிவிடுகிறது. செம்பில் களிம்பு ஏறுகிறது, போல்ட்டில் துரு ஏறுகிறது. நேர்மின் பக்கத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் உண்டு. திரும்பும்போது ஒரு தொகுதியின் விளக்குகள் அத்தனையும் ஒரே வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. சுமை கூடியதும் காப்பு குறைந்ததுமான இடம் அதுவே.

முதலில் சொன்ன அந்த விசித்திரமான பழுது எப்படி நேர்கிறது என்று பார்த்தால் வாதத்தின் பாதி விளங்கிவிடும். இந்த விளக்குகளில் பரவலாக இருப்பது பி21/5டபிள்யூ என்ற இரட்டை இழை பல்ப். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயிலுக்கு. இரண்டும் ஒரே உலோகக் கழுத்தில் எர்த்தைப் பகிர்கின்றன. இடப்பக்க எர்த் முற்றிலும் விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். டெயில் சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் 5 வாட் இழைக்குள் நுழைகிறது; வெளியேற எர்த் இல்லாததால் பக்கத்திலுள்ள 21 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, பிரேக் வயரில் ஏறி, வலப்பக்க பிரேக் பல்பைக் கடந்து அங்கிருக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. 21 வாட் இழையின் தடை, குளிர்ந்த நிலையில், மிகக் குறைவு. ஆகவே டெயில் இழை ஏறத்தாழ வழக்கம்போலவே எரிகிறது; பார்ப்பவருக்குக் குறை தெரியாது. இப்போது பிரேக்கை மிதித்தால் அந்த வெளியேறும் வழியிலும் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் இருக்கும்போது இழைகளில் எதுவும் ஓடாது. விளக்கு அணைகிறது. பகலில், டெயில் சுவிட்ச் போடாதபோது, இதே பழுது வேறு முகம் காட்டும்: பிரேக் மின்சாரம் 5 வாட் இழை வழியாக டெயில் வயருக்குள் புகுந்து, முன்னாலிருக்கும் பார்க்கிங் விளக்கை மங்கலாக எரிய வைக்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். இரு பக்க பிரேக் விளக்குகளும் ஒரே சுவிட்சின்கீழ் நேராக இணைந்த பழைய வயரிங்கில் இவை எல்லாம் அப்படியே நடக்கும். ஒவ்வொரு விளக்கையும் கணினி தனித்தனியாக இயக்கும் வண்டிகளில் வடிவம் சற்று மாறும், காரணம் மாறாது. பிரிட்டனின் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை ஒரு விளக்கை இயக்கும்போது இன்னொன்று பாதிக்கப்படுவதைத் தனிக் குறையாகவே எண்ணுவதற்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது. எல்லா விளக்கும் தனித்தனியே எரிவது போதாது, ஒன்றாகவும் எரிய வேண்டும்.

எர்த் முழுதாக விட்டுப்போவது கடைசிக் கட்டம். அதற்கு முன் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள், அது அரைகுறையாக இருக்கும். மீட்டர் நம்மை ஏமாற்றுவது அந்தக் காலத்தில்தான். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் இழுப்பதில்லை. பல்பைக் கழற்றி வெறும் ஹோல்டரில் மீட்டரை வைத்தால், களிம்பு ஏறிய இணைப்பில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் திரையில் 12 வோல்ட் அப்படியே தெரியும். விளக்குக்கோ ஆம்பியர் கணக்கில் வேண்டும். எர்த் இணைப்பில் வெறும் 1 ஓம் தடை மட்டும் சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம். 12 வோல்ட்டில் 21 வாட் இழை 1.75 ஆம்பியர் இழுக்கும். பிரேக் மட்டும் எரியும்போது விளக்குக்குக் கிடைப்பது சுமார் 10.5 வோல்ட். அதே நேரத்தில் டெயிலும் இண்டிகேட்டரும் சேர்ந்தால் மொத்த ஓட்டம் அந்த 1 ஓம் வழியாகவே திரும்ப வேண்டும். விளக்குக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்கு இறங்கும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்கில் சரிகிறது. எனவே முதல் நிலையிலேயே ஒளி மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். மூன்று விளக்கும் சேர்ந்த நிலையில் ஐந்தில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. மழை இரவில், மஞ்சள் விளக்கு மினுக்க, வளைவுக்காக பிரேக் போடும் வண்டியின் நிலை அது. இத்தனைக்கும் ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் மிகையான ஓட்டத்துக்குக் காவல். குறைந்த ஓட்டத்தை அது கண்டுகொள்வதில்லை.

ஆகவே அளவை எடுக்கும் முறையைத் தலைகீழாக்க வேண்டும். பல்ப் ஹோல்டரில் இருக்கட்டும், அந்தத் தொகுதியில் எரியக்கூடிய எல்லா விளக்குகளும் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை நீண்ட வயர் ஒன்றின் மூலம் பேட்டரியின் எதிர்முனையிலேயே பிடித்துக்கொண்டு, மறுமுனையை விளக்கின் எர்த் தகட்டில் வைத்தால் திரையில் வருவது திரும்பும் பாதை விழுங்கும் வோல்ட். நல்ல நிலையில் அது வோல்ட்டின் சிறு பின்னமாக இருக்கும். அது எவ்வளவாக இருக்கலாம் என்பதைக் கணக்கிட்டுவிடலாம்: 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 7 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.13 ஓம், இரண்டு பிரேக் விளக்குகளின் 3.5 ஆம்பியர் அதில் ஓடினால் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. பழுதில்லாத வயரே இவ்வளவு எடுத்துக்கொள்ளும். எர்த் பாதை அப்படி வண்டி நீளத்துக்கு வயராக ஓடாமல், பக்கத்திலேயே சட்டத்தில் இறங்கினால் இழப்பு இதைவிட வெகுவாகக் குறைய வேண்டும். மீட்டர் 2 வோல்ட், 3 வோல்ட் என்று காட்டினால் பழுது அகப்பட்டுவிட்டது. இனி இடம் மட்டும் தெரிய வேண்டும். பேட்டரி முனையில் பிடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு மறுமுனையை விளக்குத் தகட்டிலிருந்து இணைப்பானுக்கு, அங்கிருந்து போல்ட்டின் தலைக்கு, அங்கிருந்து சட்டத்தின் சுரண்டிய இரும்புக்கு என்று நகர்த்திக்கொண்டே போனால், எந்த இரு புள்ளிகளுக்கு நடுவில் எண் திடீரென்று சரிகிறதோ அங்கேதான் களிம்பு. ஒரு வயரையும் வெட்டாமல், ஒரு இணைப்பையும் கழற்றாமல் பழுதின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. இந்தச் சோதனையின் அருமை அதுதான். ஓம் அளவையால் இதைச் செய்ய முடியாது. வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், ஓம் மீட்டர் செலுத்தும் துளியளவு மின்னோட்டத்துக்கு அது போதும்; "தொடர்பு இருக்கிறது" என்று பீப் ஒலிக்கும். மீட்டரே இல்லாதவர்கள் 21 வாட் பல்ப் ஒன்றை இரு வயர்களில் பற்றவைத்துச் சோதனை விளக்காகப் பயன்படுத்தலாம். அது உண்மையான சுமையை இழுப்பதால் பொய் சொல்லாது. ஆனால் கணினி இயக்கும் வண்டிகளில் அதைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது.

மீட்டரைத் தொடுவதற்கு முன்பே கண்ணால் கிடைக்கும் சான்று ஒன்றும் இருக்கிறது: எவையெவை சேர்ந்து கெடுகின்றன என்பது. ஒரு தொகுதியின் எல்லா விளக்குகளும் ஒன்றையொன்று பாதித்தால் அந்தத் தொகுதியின் எர்த். இரு பக்கமும் பிரேக் விளக்கு மட்டும் எரியாவிட்டால் எர்த்தைத் தேடிப் பயனில்லை. பெடலில் உள்ள சுவிட்ச் அல்லது ஃபியூஸ். பல வண்டிகளில் அதே சுவிட்சின் செய்தி எஞ்சின் கணினிக்கும் போவதால், க்ரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யவில்லை என்பது கூடுதல் சாட்சி. ஒரு பக்க டெயில் லைட், அதே பக்க முன் பார்க்கிங் விளக்கு இரண்டும் சேர்ந்து அணைந்தால் அந்தப் பக்கத்தின் ஃபியூஸ். ஐரோப்பிய வண்டிகளில் இடமும் வலமும் தனித்தனி ஃபியூஸில் இருப்பது வழக்கம். மழைக்குப் பின் மட்டும் வரும் பழுது இணைப்பானையோ, வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்க வைத்த சாக்கெட்டையோ காட்டுகிறது. ஏழு ஊசிச் சாக்கெட்டில் 3ஆம் ஊசி எர்த், 6ஆம் ஊசி பிரேக், 5ம் 7ம் வல, இட டெயில். உப்புநீர் நின்றால் இவற்றுக்கிடையே மின்சாரம் கசியும், சம்பந்தமில்லாத விளக்குகள் உயிர்பெறும். சாக்கெட்டுக்குப் போகும் வயரை வண்டியின் வயரிங்கிலிருந்து பிரித்துவிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. தேடலின் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு, முதலில் பல்பை மாற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே ஒரு விளக்கு, மற்றவற்றைப் பாதிக்காமல், எரியவே இல்லை என்றால் பல்பைத்தான் பார்க்க வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. மங்கலான விளக்கின் பல்பைத் திருகிக் கழற்றிப் புதியதைத் திருகிப் பொருத்தும் செயலே ஹோல்டரின் தொடுமுனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுகிறது. விளக்கு பளிச்சென்று எரிகிறது, குற்றம் பழைய பல்பின்மேல் விழுகிறது, அது குப்பைக்குப் போகிறது. ஈரம் அங்கேயே இருப்பதால் சில வாரங்களில் அதே மங்கல் திரும்பும். பல்ப் மாற்றிச் சரியானது என்பது பல்ப்தான் கெட்டிருந்தது என்பதற்குச் சான்றாகாது. கழற்றிய பல்பின் இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அறுந்திருக்கவில்லை என்றால் அந்தப் பழுது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வருகிறது. எர்த்தான் பிரச்சினை என்று தெரிந்த பின் அளந்துகொண்டிருப்பானேன், விளக்கிலிருந்து சட்டத்துக்குப் புதிதாக ஒரு வயரை இழுத்துவிடலாமே என்பார்கள். சோதனையாக இது மிக நல்லது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து தற்காலிகமாக ஒரு வயரைக் கொண்டுவந்து விளக்கின் எர்த்தில் தொட்டதும் எல்லாம் ஒழுங்காக எரிந்தால் வழக்கு முடிந்தது. நிரந்தரத் தீர்வாக இதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய போல்ட் அந்த ஒரு விளக்குக்கு மட்டும் உரியதல்ல; மறுபக்கத் தொகுதி, எண்பலகை விளக்கு, டிரெய்லர் சாக்கெட் எல்லாம் அதையே நம்பியிருக்கக்கூடும். புது வயர் ஒரு அறிகுறியை மறைத்து, மற்றவற்றை அடுத்த பனிக்காலத்துக்கு ஒத்திவைக்கிறது. புது வயர் இறங்கும் இடமும் கேள்விக்குரியது. வர்ணம் பூசிய அடைப்புத்தகட்டில் ஒரு திருகாணியைச் செருகினால் அது எர்த் ஆகிவிடாது. சட்டமே முன்பகுதிச் சட்டத்தோடு போல்ட்டுகளால் இணைந்திருக்கும் வண்டியில் அந்த இணைப்பைத் தாண்டியும் அளந்து பார்த்த பிறகே பின்சட்டத்தை நல்ல எர்த் என்று சொல்ல முடியும்.

மூன்றாவது மறுப்பு சற்றுக் கனமானது. இன்றைய வண்டிகளில் விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது. ஸ்கேன் கருவியைச் செருகினால் பழுது எண்ணாகவே வந்துவிடுகிறது. மீட்டரும் சோதனை விளக்கும் பழங்காலத்துப் பழக்கம் என்கிறார்கள். கணினிக்குத் தெரிவதென்ன என்று கேட்டுப்பார்க்க வேண்டும். தன் வெளியீட்டு முனையில் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இடப்பக்க பிரேக் விளக்கில் ஓட்டம் இல்லை என்று அது சொல்லலாம். பல்பா, ஹோல்டரா, நீட்டிய வயரின் இணைப்பா, எர்த் போல்ட்டா என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது. 1 ஓம் கூடுதல் தடையால் ஓட்டம் கொஞ்சம் குறைவதை அது பழுதாகவே கொள்ளாமலும் போகலாம். முன்பகுதியைச் செய்தவரின் வயரிங் வரைபடமும் வீட்டுப் பகுதி தொடங்குமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வீடு கட்டியவர் எந்த நிற வயரை எங்கே இணைத்தார் என்பது அந்த வரைபடத்தில் இல்லை. கருவி தரும் எண் எங்கே தேடத் தொடங்கலாம் என்று சொல்லும், அதற்கு மேல் இல்லை. அதை முடிவாகக் கொண்டு விலையுயர்ந்த கணினிப் பெட்டியை மாற்றும் செலவு, கம்பித் தூரிகையால் ஒரு போல்ட்டைத் தேய்த்திருந்தால் நேராமல் போயிருக்கக்கூடியது.

எல்இடி விளக்குகளுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பதும் பாதி உண்மை. அவை இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஒரு விளக்கு 0.2 ஆம்பியர் எடுத்தால், நம் 1 ஓம் களிம்பில் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. களிம்பு அதற்காக நின்றுவிடுவதில்லை. இழை பல்ப் மெல்ல மங்கி முன்னறிவிப்புத் தந்தது. எல்இடி கடைசி வரை எரிந்து ஒருநாள் சட்டென்று அணையும். போதாதற்கு, குறைந்த ஓட்டத்தைக் கண்ட கணினி பல்ப் போய்விட்டதாக எச்சரிக்கிறது, இண்டிகேட்டர் இரட்டை வேகத்தில் துடிக்கிறது. அதைச் சமாதானப்படுத்த இணையாகத் தடையிகளைப் பொருத்துகிறார்கள். சேமித்த வாட் எல்லாம் அந்தத் தடையியில் சூடாகிறது. அதையும் ஒட்டுப்பலகைக்கும் நுரைக்கும் பக்கத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்இடிக்கு மாறலாம், எர்த்தை அளந்து சரிசெய்த பிறகு மாறலாம்.

மோட்டார்ஹோமுக்கே உரிய இன்னொரு வரலாறும் உண்டு. பழுதுகளில் கணிசமானவை வண்டியோடு பிறந்தவை அல்ல, பின்னால் சேர்க்கப்பட்டவை. வலப்பக்கப் போக்குவரத்துள்ள நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்த வண்டியில் பின்பனி விளக்கு இடப்பக்கம் மட்டும் இருக்கும். பிரிட்டனின் சட்டம் அதை நடுவிலோ வலப்பக்கத்திலோ கேட்கிறது. எனவே யாரோ அதையும் ரிவர்ஸ் விளக்கையும் இடம் மாற்றியிருப்பார். ரிவர்ஸ் கேமராவுக்கு ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பார். டிரெய்லர் சாக்கெட்டுக்கு ஐந்தாறு வயர்களில் கிளை பிரித்திருப்பார். பெரும்பாலும் இவை வயரைத் தோலுரிக்காமலேயே கவ்விக்கொள்ளும் சிவப்பு, நீல கிளிப்புகளால் செய்யப்பட்டிருக்கும். வண்டிக்குள் உலர்ந்த இடத்தில் அவை தாக்குப்பிடிக்கலாம். அடிப்புறத்தில் அவற்றின் கத்தி வெட்டிய காயத்தின் வழியாக நீர் புகுந்து, செம்பிழைகளின் இடுக்குகளில் தந்துகிக் கவர்ச்சியால் ஏறி, காப்புறைக்குள்ளேயே வெகுதூரம் போய்விடுகிறது. உரித்துப் பார்த்தால் செம்பு கருத்திருக்கும், ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை பின்வாங்கி வெட்டி, புது வயர் துண்டை கிரிம்ப் செய்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, வளையமும் சட்டமும் சந்திக்கும் இடத்தை பளபளக்கும் உலோகம் தெரியத் தேய்த்து, புது வளையம் வைத்து இறுக்கி, அதன்பின் மேலே கிரீஸ் பூச வேண்டும்.

பழுது நீங்கியது என்று சொல்வதற்கும் தேடியபோது எடுத்த அதே அளவையே ஆதாரம். டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் சேர்ந்து எரியும்போது எர்த் பாதையின் இழப்பை இரு பக்கமும் மறுபடி அளந்து, அந்த இரண்டு எண்களையும் தேதியோடு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த வசந்தத்தில் வண்டியை வெளியே எடுக்கும்போது ஒப்பிட ஒன்று இருக்கும். 0.1 ஆக இருந்தது 0.4 ஆகியிருந்தால், விளக்கு எவ்வளவு அழகாக எரிந்தாலும், ஒரு இணைப்பில் ஈரம் இறங்கத் தொடங்கியிருக்கிறது.